உரிமை நம்மளது, அறுபடுற வலை யாரோடது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸப் எல்லாத்தையும் பிரிச்சு வெச்சு பாத்தா முக்காவாசி ஒரே விஷயத்தை சுத்தி தான் இருக்கு. வேதம் எனக்கு தடை பண்ணாத ஒண்ணை நான் செய்றேன், அது கூட இருக்கிற விசுவாசிக்கு கஷ்டமா இருக்கு, இப்ப நான் என்ன பண்ணட்டும்? கேட்டவங்க எல்லாரும் நம்ம கடக்கரை ஆளுங்க தான், அதனால ஆறு கேள்வியையும் சேத்தே எடுத்துக்கிட்டேன். பேரு போடல, ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி (பாம்பன்): ஐயா, நான் விசைப்படகுல டிரைவர். ரட்சிக்கப்பட்டு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க ஓனர் இந்து, ரொம்ப நல்ல மனுஷன். மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு மொத நாள் கடலுக்கு போறப்ப படகுக்கு பூஜை போட்டு தேங்கா உடைச்சு எல்லாருக்கும் பொரி, தேங்கா, பழம்னு குடுப்பாரு. நான் கும்பிட மாட்டேன், தள்ளி நிப்பேன், ஆனா குடுத்ததை வாங்கி சாப்பிட்டுக்குவேன், விக்கிரகம் ஒண்ணுமில்லன்னு வேதமே சொல்லுதே. இந்த வருஷம் புதுசா ஞானஸ்நானம் எடுத்த தம்பி ஒருத்தன் எங்க படகுக்கு வேலைக்கு வந்தான். நான் சாப்பிடுறதை பாத்துட்டு அவனும் சாப்பிட்டான். அன்னைக்கு ராத்திரி பூரா வலை இழுக்குறப்ப ஒரு வார்த்தை பேசல. கரைக்கு வந்ததும் "அண்ணே, நான் கர்த்தருக்கு துரோகம் பண்ணிட்டேன்"னு அழுதான். நான் செஞ்சது தப்பா? அவன் அப்படி நினைச்சுக்கிட்டதுக்கு நான் எப்படி பொறுப்பு?

பதில்: தம்பி, உங்க கேள்வி கிரேக்க நாட்டு கொரிந்து சபையில இருந்து அப்போஸ்தலன் பவுலுக்கு போன கேள்வியே தான். கொரிந்து எப்படிப்பட்ட ஊருன்னு தெரிஞ்சா உங்களுக்கு இன்னும் நெருக்கமா இருக்கும். நமக்கு வடகடல் தென்கடல்னு ரெண்டு பக்கமும் கடல் இருக்கிற மாதிரி அந்த ஊருக்கும் ரெண்டு பக்கமும் கடல், ரெண்டு துறைமுகம், அதுல ஒண்ணு தான் ரோமர் 16ல வர்ற கெங்கிரேயா. கப்பல்காரங்க, கூலிக்காரங்க, வியாபாரிங்கன்னு எல்லா சாமியையும் கும்பிடுறவங்க கலந்து கிடந்த ஊரு. கோயில்லயே சாப்பாட்டு மண்டபம் இருக்கும், கல்யாணம், காதுகுத்து மாதிரி விசேஷ விருந்தெல்லாம் அங்க தான், சாமிக்கு படைச்சதுல மிச்ச கறி கடைக்கு வந்துரும். அந்த ஊரு விசுவாசிங்க சில பேரு உங்களை மாதிரியே விக்கிரகம் ஒண்ணுமில்ல, கறி கறி தான்னு சாப்பிட்டாங்க. பவுல் அவங்க அறிவை தப்புன்னு சொல்லல. "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்"னு தான் ஆரம்பிக்கிறாரு (1 கொரிந்தியர் 8:1). ஆக உங்களுக்கு தெரிஞ்சது சரி, அது மட்டும் பத்தாதுங்கிறாரு.

நீங்க விசைப்படகு ஓட்டுறவரு, உங்களுக்கு இது சொன்னா புரியும். நம்ம கடல்ல விசைப்படகுக்கு சில நாள், நாட்டுப்படகுக்கு சில நாள்னு ஏன் பிரிச்சு வெச்சிருக்கோம்? கீழ ஒருத்தன் வலை போட்டிருக்கான்னு பாக்காம மேல இழுத்துட்டு போனா உங்க இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது, ஒரு குலுக்கல் கூட தெரியாது, ஆனா கடன் வாங்கி வலை வாங்குனவனுக்கு அந்த வருஷமே போச்சு. பெலன் இருக்கிறவனுக்கு வலி தெரியாது, அதனால தான் பவுல் பெலன் இருக்கிறவன் கிட்ட பேசுறாரு. அந்த தம்பிக்கு அந்த தேங்கா வெறும் தேங்கா இல்ல. நேத்து வரைக்கும் அதை அவன் கண்ணுல ஒத்திக்கிட்டு தின்னவன், வேண்டாம்னு விட்டுட்டு வந்தவன். நீங்க தின்னதை பாத்து மனசு வேண்டாம்னு சொல்றப்பவே கை நீட்டிட்டான். அதுக்கு பேரு தான் இடறல்.

நானும் இதே தப்பை பண்ணவன், அதனால தான் இவ்வளவு அழுத்தி சொல்றேன். பல வருஷத்துக்கு முன்னாடி கூட வேலை பாத்த நண்பரு ஊருல கிடா வெட்டு, என்னை கூப்பிட்டாரு, நான் புதுசா சபைக்கு வந்த ஒருத்தரையும் கூட்டிட்டு போனேன், பெரிய விசுவாசின்னு எனக்கு நினைப்பு. பந்தியில உக்காந்து நான் பாட்டுக்கு சாப்பிடுறேன், பக்கத்துல அவரு எலையில கறி வெச்சதும் ஒரு நிமிஷம் என் மூஞ்சியவே பாத்தாரு, நான் "சாப்பிடுங்க, ஒண்ணுமில்ல"ன்னேன். அவரு சாப்பிட்டாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை வரல, அதுக்கடுத்த வாரமும் வரல. வீட்டுக்கு போய் பாத்தா, "நான் தான் பழையபடி ஆயிட்டேனே, இனி எதுக்கு வரணும்"னாரு. அவரை திரும்ப ஜெபத்துக்கு உக்கார வைக்க எட்டு மாசம் ஆச்சு. அந்த எலையும் அவரு பாத்த பார்வையும் இன்னைக்கும் என் கண்ணுலயே நிக்குது.

இன்னொண்ணும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. பவுல் மூணு இடத்தை பிரிச்சு பேசுறாரு: கோயில் பந்தி, கறிக்கடை, நண்பர் வீடு. கடையில வாங்குறதை கேள்வி கேக்காம சாப்பிடுங்கங்கிறாரு, நண்பர் வீட்டுல வெச்சதை சாப்பிடுங்கங்கிறாரு, ஆனா கோயில் பந்தி வேண்டாம், கர்த்தருடைய பந்திக்கும் அதுக்கும் ஒரே நேரத்துல பங்கு இருக்க முடியாதுங்கிறாரு (10:21). படகு அணியத்துல, அதான் முன்பக்கத்துல, கற்பூரம் எரியுறப்பவே கைக்கு வர்ற தேங்கா இதுல எதுக்கு பக்கத்துல இருக்கு? என் மனசுக்கு அது கடைக்கு பக்கத்துல இருக்கிற மாதிரி தெரியல. நீங்க நினைக்கிற அளவு அது லேசான விஷயம் இல்லன்னு தான் எனக்கு படுது.

இப்ப செய்ய வேண்டியது. ஓனர் கிட்ட முன்னாடியே தனியா போய் மரியாதையா சொல்லிருங்க, "அண்ணே, உங்க மேல மரியாதை குறைச்சல் இல்ல, சாமிக்கு வெச்சது மட்டும் எங்களுக்கு வேண்டாம்ணே"ன்னு. நீங்களே நல்ல மனுஷன்னு சொல்றீங்க, கேட்டுக்குவாரு. அந்த தம்பி கிட்ட "உனக்கு இன்னும் விசுவாசம் பத்தல"ன்னு மட்டும் சொல்லிராதீங்க. வலை கட்டுறப்ப பக்கத்துல உக்காந்து "தப்பு என் மேல தான் தம்பி"ன்னு சொல்லுங்க, நம்ம இருதயம் நம்மளை குற்றம் சாட்டுனாலும் தேவன் நம்ம இருதயத்தை விட பெரியவருன்னு 1 யோவான் 3:20 இருக்கே, அதை வாசிச்சு காட்டி அவன் கையை புடிச்சு ஜெபம் பண்ணுங்க.

கேள்வி (ஓரியூர் பக்கம்): நான் வெளிநாட்டுல இருந்து வந்தவன். வேதத்துல திராட்சரசம் தடை இல்லையே, கானாவூர்ல இயேசுவே தண்ணியை திராட்சரசமா மாத்துனாரு, தீமோத்தேயுவுக்கு வயித்துக்காக கொஞ்சம் குடிக்க சொன்னாரு பவுல். நான் வெறிக்க குடிக்கிறதில்ல, வீட்டுல எப்பவாவது ஒரு கிளாஸ். என் மச்சான் குடியை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, அவரும் எங்க வீட்டுல தான் இருக்காரு. தங்கச்சி சண்டை போடுறா. அவ சொல்றது நியாயமா?

பதில்: உங்க தங்கச்சி சொல்றது நியாயம். நிறுத்திருங்க.

நீங்க காட்டுன வசனம் எல்லாம் சரி தான், குடிவெறியை தான் வேதம் கண்டிக்குதுங்கிறதும் சரி தான். ஆனா ரோமர் 14:21ஐ விட்டுட்டீங்களே, அதுல மதுபானம்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு, சகோதரன் இடறுவான்னா அதை செய்யாம இருக்கிறதே நல்லதுன்னு. குடியை விட்டவனுக்கு பாட்டில் மூடி திறக்கிற சத்தம் என்ன பண்ணும்னு நமக்கு தெரியாது. பக்கத்து ரூம்ல படுத்திருந்தாலும் அந்த வாசம் போகும். ரெண்டு வருஷம்ங்கிறது அவரு ஒவ்வொரு நாளா எண்ணி எண்ணி கடந்து வந்தது. நம்ம கரையில குடியால தாலி அறுத்த வீடு எத்தனைன்னு நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. பல சபைகள்ல திருவிருந்துக்கே புளிக்காத திராட்சை சாறு வைக்கிறாங்க, அதுக்கு இப்படிப்பட்டவங்களும் ஒரு காரணம். கர்த்தருடைய மேசையிலேயே அவங்களை நினைச்சு பாக்குறோம்னா நம்ம வீட்டு மேசையில பாக்கக்கூடாதா?

உங்க ஊருல இருந்தே ஒருத்தரை சொல்றேன். அருளானந்தர், போர்ச்சுகல்ல இருந்து வந்த கத்தோலிக்க குரு. அந்த ஊருல கறியும் ஒயினும் தினப்படி சாப்பாடு. இங்க வந்து காவி கட்டி, கறி மது ரெண்டையும் விட்டு, சோறும் காய்கறியுமா இருந்தாரு. அதெல்லாம் பாவம்னு நினைச்சு விடல, எந்த ஜனத்துக்கு சுவிசேஷம் சொல்ல வந்தாரோ அவங்க முன்னாடி தன் சாப்பாடு தடையா நிக்கக்கூடாதுன்னு விட்டாரு. 1693 பிப்ரவரி 4ம் தேதி ஓரியூர்ல அவரு தலையை வெட்டுனாங்க. நான் கத்தோலிக்கன் இல்ல, ஆனா அந்த செம்மண்ணுல நின்னப்ப நான் எதையெல்லாம் விட முடியாதுன்னு புடிச்சு வெச்சிருக்கேன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன்.

கேள்வி (தொண்டி): பக்கத்து வீட்டு பாய் அம்மா பக்ரீத்துக்கு குர்பானி கறி குடுத்து விடுறாங்க. வாங்கலாமா? வாங்கி யாருக்கும் தெரியாம கொட்டிரலாமான்னும் யோசிச்சேன்.

பதில்: கொட்டாதீங்கம்மா, அது அவங்க அன்புக்கு செய்ற அவமரியாதை. குர்பானி கறியை மூணு பங்கா வெச்சு ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு சொந்தக்காரங்க தெரிஞ்சவங்களுக்கு, ஒண்ணு ஏழைங்களுக்குன்னு பிரிக்கிறது அவங்க வழக்கம், அந்த ரெண்டாவது பங்குல உங்களை வெச்சிருக்காங்க. 1 கொரிந்தியர் 10:27 படி நன்றி சொல்லி சாப்பிட உங்களுக்கு தடை இல்லன்னு நான் நம்புறேன். ஆனா உங்க மனசே ஒப்பலன்னா சாப்பிடாதீங்க, சந்தேகத்தோட சாப்பிடுறது தான் உங்களுக்கு தப்பா போயிரும். அப்ப அவங்க வாசலுக்கு நீங்களே போய் "அக்கா, தப்பா நினைக்காதீங்க, நாங்க இது மட்டும் எடுக்கிறதில்ல, பாயசம் இருந்தா குடுங்க"ன்னு சொல்லிருங்க. கிறிஸ்துமஸுக்கு நீங்க பலகாரம் குடுத்து விடுறதை மறந்துராதீங்க.

கேள்வி (மண்டபம்): எங்க அம்மா வீட்டு சபையில எல்லாரும் நகை போடுவோம். கட்டிக்கிட்டு வந்த வீட்டு சபையில பொட்டு தங்கம் கூட போட மாட்டாங்க. கல்யாணத்தப்பவே கழட்டிட்டேன், கஷ்டமா தான் இருந்துச்சு. இப்ப அம்மா வீட்டுக்கு போறப்ப மட்டும் கம்மல் போட்டுக்குறேன், ஒரு தடவை சபை சகோதரி ஒருத்தங்க பஸ்ஸுல பாத்துட்டு "தோடு போட்டவ பரலோகம் போவாளா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க. நான் வேஷம் போடுறேனா ஐயா?

பதில்: இல்லம்மா, வேஷம் இல்ல. உங்க கடுதாசியில ஒரு இடத்துல எழுத்து கலைஞ்சு இருந்துச்சு, கண்ணீரா இருக்கும்னு நினைக்கிறேன். அந்த கேள்வியை கேட்டவங்களுக்கு மொதல்ல சொல்லிடுறேன். ரோமர் 14:4 "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?"னு கேக்குது. நகை போடாம இருக்கிறது ஒரு நல்ல தீர்மானமா இருக்கலாம், ஆனா அதை பரலோகத்து வாசல்ல டிக்கெட் மாதிரி வெச்சிங்கன்னா சிலுவைக்கு அங்க என்ன வேலை? பேதுரு நகையை பத்தி சொல்றப்ப (1 பேதுரு 3:3) மயிரைப் பின்னுறதையும் உடுத்துறதையும் சேத்தே சொல்றாரு, யாரும் ஜடையை அவிழ்த்துட்டு சபைக்கு வர்றதில்லையே. வெளி அலங்காரம் உங்க அழகா இருக்க வேண்டாம், சாந்தமும் அமைதலும் இருக்கட்டும்கிறது தான் அதோட சாரம்.

ஆனா நகை போடுற பக்கத்துக்கும் ஒண்ணு சொல்லணும், ஏன்னா ரோமர் 14:3 ரெண்டு பக்கமும் பேசுது, சாப்பிடுறவன் சாப்பிடாதவனை அற்பமா எண்ணாதே, சாப்பிடாதவன் சாப்பிடுறவனை குற்றவாளியா தீர்க்காதேன்னு. "அவங்க இன்னும் நியாயப்பிரமாணத்துல கிடக்குறாங்க"ன்னு நகை போடாதவங்களை இளக்காரமா பேசுறதும் அதே பாவம் தான். அதோட நம்ம ஊருல நகை வெறும் அலங்காரம் இல்ல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல படகு கரையில கிடக்குறப்ப மொதல்ல போறது பொம்பளைங்க காது கழுத்துல இருக்கிறது தான், அடகு கடைக்கு. மே மாசத்துல நீங்க சபையில பாருங்க, எத்தனை அக்காமாரு காதுல வேப்பங்குச்சியோ விளக்கமாத்து குச்சியோ செருகி இருக்கும், ஓட்டை தூர்ந்துரக்கூடாதுன்னு. அந்த வரிசையில போய் நாலு பவுன் ஆரத்தை தொங்கவிட்டு உக்காந்தா, பவுல் கொரிந்து சபையை பாத்து இல்லாதவங்களை வெக்கப்படுத்துறீங்களான்னு கேட்டது (1 கொரிந்தியர் 11:22) நமக்கு தான்.

உங்களுக்கு என் யோசனை இது தான்மா. கணவர் வீட்டு சபையில அவங்க வழக்கத்தை மதிச்சு கழட்டுனீங்களே, அது அன்பு, அது பயம் இல்லன்னு உங்களுக்குள்ள தெளிவா இருந்தா போதும். அம்மா வீட்டுல போடுறதை மறைச்சு வைக்க வேண்டாம், கணவருக்கும் மாமியாருக்கும் சொல்லிட்டே போடுங்க. அத்தை கிட்ட பேசுறப்ப வசனத்தை எடுத்து வாதாடாம, "அத்தை, உங்க கூட இருக்கிறப்ப நான் போட மாட்டேன், எங்க அம்மா மனசுக்காக அங்க போட்டுக்குறேன்"னு சொல்லி பாருங்க.

கேள்வி (மூக்கையூர்): எனக்கு சொந்தமா ஃபைபர் படகு இருக்கு. ஞாயித்துக்கிழமை மீன்பாடு இருந்தா கடலுக்கு போறதுல தப்பில்லன்னு நான் நம்புறேன், எனக்கு எல்லா நாளும் கர்த்தருடைய நாள் தான். சபையில முணுமுணுக்குறாங்க.

பதில்: ரோமாபுரியில இதே நாள் பிரச்சனை வந்துச்சு. கிலவுதியு ராயன் கி.பி. 49 வாக்குல யூதரை எல்லாம் ரோமை விட்டு வெளியேத்துனான் (அப்போஸ்தலர் 18:2ல ஆக்கில்லா பிரிஸ்கில்லா அப்படி வந்தவங்க தான்), அவன் 54ல செத்த பிறகு அவங்க திரும்பி வந்தாங்க, வந்து பாத்தா சபையில பூரா யூதர் அல்லாத விசுவாசிங்க, நாளும் பாக்குறதில்ல, சாப்பாடும் பாக்குறதில்ல. அதுக்கு கொஞ்ச வருஷத்துலயே எழுதுன நிருபம் தான் ரோமர். ஒருத்தன் ஒரு நாளை விசேஷமா எண்ணுறான், இன்னொருத்தன் எல்லா நாளையும் ஒண்ணா எண்ணுறான், அவனவன் தன் மனசுல முழு நிச்சயத்தோட இருக்கட்டும்னு பவுல் எழுதுனாரு (14:5). ஆக உங்க நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா நீங்க ஒண்ணை எழுதாம விட்டுட்டீங்க. ஃபைபர் படகுல நீங்க தனியா போறதில்லையே, கூட ரெண்டு பேரு மூணு பேரு வருவாங்களே, அவங்க யாரு? அவங்கள்ல ஒருத்தன் ஆராதனைக்கு போகணும்னு ஆசைப்பட்டு, மாட்டேன்னு சொன்னா நாளைக்கு உங்க படகுல இடம் இருக்காது, வாங்குன முன்பணத்தை கேப்பீங்கன்னு பயந்து வர்றானா? அப்படின்னா உங்க சுயாதீனம் அவனுக்கு அடிமைத்தனமா இருக்கு. படகு உங்களது, பங்கு பிரிக்கிற கையும் உங்களது, அவன் வாயை திறந்து சொல்ல மாட்டான். நீங்களே கூப்பிட்டு கேளுங்க, "ஞாயித்துக்கிழமை வர இஷ்டம் இல்லன்னா வராதே, உன் இடம் போகாது"ன்னு. சொல்லிட்டு அந்த வார்த்தையை காப்பாத்துங்க. ஊர்க்கூட்டத்துல ஞாயித்துக்கிழமை கடலுக்கு போகக்கூடாதுன்னு முடிவு இருந்தா அதை மீறவும் வேண்டாம், நாலு பேரு நஷ்டப்பட்டு கரையில நிக்கிறப்ப நீங்க மட்டும் மீனோட வர்றது நல்லா இருக்காது.

கேள்வி (தங்கச்சிமடம்): ஐயா, நீங்க எப்பவும் விட்டு குடுங்கன்னே சொல்றீங்க. எங்க சபையில ஒரு பெரியவரு இருக்காரு, மொபைல்ல வேதம் வாசிச்சா இடறல், கிட்டார் வாசிச்சா இடறல், பிள்ளைங்க ஜீன்ஸ் போட்டா இடறல். வாலிபர் கூட்டத்துக்கு வர்றவங்களே குறைஞ்சுட்டாங்க. இதுக்கும் விட்டு குடுக்கணுமா?

பதில்: இல்ல தம்பி. எப்பவும் விட்டு குடுங்கன்னு நானும் சொல்லல, பவுலும் சொல்லல. இடறல் வேற, எரிச்சல் வேற. பாம்பன்காரரு எழுதுன அந்த பையன் மாதிரி, நம்மளை பாத்து தன் மனசாட்சிக்கு விரோதமா செஞ்சு உடைஞ்சு போறது இடறல். உங்க பெரியவரு கிட்டார் சத்தம் கேட்டு நாளைக்கு விசுவாசத்தை விட்டுருவாரா? அவரும் ரகசியமா கிட்டார் வாசிச்சு மனசு குத்துப்பட போறாரா? கிடையாதே. அவருக்கு புடிக்கல, அவ்வளவு தான். புடிக்காததை மதிக்கலாம், அதுக்காக அதை சட்டமாக்க வேண்டியதில்ல.

பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணுனாரு, அந்த பக்கத்து யூதருக்காக (அப்போஸ்தலர் 16:3). கிரேக்கனான தீத்துவுக்கு பண்ண சொல்லி வற்புறுத்துனப்ப ஒரு மணி நேரம் கூட இணங்கலன்னு எழுதுறாரு (கலாத்தியர் 2:3-5). ஒரே மனுஷன், ஒரே விஷயம், ரெண்டு முடிவு. முதல்ல அது அன்புக்கான வழி, ரெண்டாவதுல அதை ரட்சிப்புக்கு நிபந்தனையா வெச்சாங்க, அப்ப விட்டு குடுத்தா சுவிசேஷமே போயிரும். நீங்களும் இந்த கேள்வியை கேட்டு பாருங்க, இப்ப நான் விட்டா ஒரு பலவீனன் காப்பாத்தப்படுறானா, இல்ல புதுசா வர்ற பத்து பிள்ளைங்க தலையில ஒரு நுகம் ஏறுதா?

வாலிபர் கூட்டத்துல கிட்டார் இருக்கட்டும், போதகர் கிட்ட பேசி அதை உறுதி பண்ணிக்கோங்க. ஆனா அந்த பெரியவரை ஒதுக்கிராதீங்க. மொபைல் விஷயத்துல அவரு கிட்டயே போய் "தாத்தா, என்ன கஷ்டம்"னு ஒரு தடவை உக்காந்து கேளுங்க. எங்க சபையில இப்படித்தான் ஒருத்தரு சத்தம் போட்டுட்டே இருந்தாரு, கடைசியில கேட்டா கண்ணு மங்கிப் போச்சு, சின்ன எழுத்து தெரியல, முன்னாடி பக்கத்துல இருக்கிற பிள்ளை வேதத்தை விரிச்சு விரலை வெச்சு காட்டும், இப்ப எல்லாரும் மொபைலை பாத்துட்டு இருக்காங்க, எனக்கு யாரு காட்டுறாங்கன்னாரு. நாங்க அவருக்கு பெரிய எழுத்து வேதம் ஒண்ணு வாங்கி குடுத்தோம். அந்த ஞாயித்துக்கிழமைல இருந்து வாலிபப் பிள்ளைங்கள்ல ஒருத்தன் அவரு பக்கத்துல தான் உக்காருறான்.